ஸ்லோ குக்கருக்கு எந்த இறைச்சி? கொழுப்பைக் குறைத்து, ருசியை விடாமல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு பைபாஸ் செய்து வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவர் இறைச்சியை முற்றாக விடச் சொல்லவில்லை. கொழுப்பையும் அளவையும் குறைத்துச் சாப்பிடட்டும் என்றார். கனடாவில், ஸ்காபரோவில் எங்களுடையது எல்லாரும் வேலைக்குப் போகிற வீடு. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகச் சமைக்கிற மின்சட்டியான ஸ்லோ குக்கரைக் காலை ஆறரைக்குப் போட்டுவிட்டுப் போனால் மாலையில் கறி தயார். அதற்குள் எந்த இறைச்சி போனால் அப்பாவுக்கும் நல்லது, அவர் விரும்பியும் சாப்பிடுவார் என்று அன்றைக்குத் தேடத் தொடங்கினேன். சொந்தக்காரரும் வேலையிடத்து நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தச் சட்டியில் சமைத்தாலும் இறைச்சி இறைச்சிதானே? ஸ்லோ குக்கருக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

நெருப்பில் வாட்டும்போது கொழுப்பு உருகிக் கீழே சொட்டிவிடும். அடுப்பில் பிரட்டினால் எண்ணெய் பிரிந்து மேலே வருவது கண்ணுக்குத் தெரியும், கொஞ்சம் வழித்து ஊற்றலாம். ஸ்லோ குக்கரில் மூடி எட்டு மணி நேரம் மூடியே கிடக்கிறது. உருகிய கொழுப்புக்கு வெளியே போக வழி இல்லை. அத்தனையும் குழம்பிலேயே தங்கி, நாங்கள் அதைச் சோற்றில் விட்டுக் குழைத்துச் சாப்பிடுகிறோம். அதனால் உள்ளே என்ன போகிறது என்பதைக் கடையிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் கொழுப்பே இல்லாத துண்டாக வாங்கிவிட்டால் போதுமா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சுப்பர்மார்க்கெட்டில் 'ஐ ஆஃப் ரவுண்ட்' என்று ஒரு மாட்டிறைச்சித் துண்டு இருக்கும். பின்தொடைத் தசை, உருளையாக, ஒரே சிவப்பாக, வெள்ளைக் கோடே தெரியாது. அதை வாங்கி எட்டு மணி நேரம் போட்டேன். மாலையில் திறந்தால் குழம்பு தண்ணீராக இருந்தது, இறைச்சி தும்புக்கயிறு மாதிரிப் பிரிந்தது. அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் சப்பினார். ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பருப்போடு சாப்பிட்டு எழுந்துவிட்டார். அது எனக்கு மிகவும் வலித்தது. நோய் வந்த மனிதருக்கு அக்கறையாகச் சமைத்ததை அவரால் சாப்பிட முடியவில்லை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. இறைச்சியை மிருதுவாக்குவது கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நெடுநேரச் சமையலில் அந்த வேலையைச் செய்வது கொலாஜன். தசைகளைக் கட்டி வைத்திருக்கிற வெண்ணிறச் சவ்வில் இருக்கிற புரதம். சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டி மணிக்கணக்காக ஈரச் சூட்டில் இருந்தால் அது கரைந்து ஜெலட்டின் ஆகும். குழம்பு கெட்டியாவதும், விரலில் பிசுபிசுப்பதும், இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று வருவதும் அதனால்தான். ஐ ஆஃப் ரவுண்டில் கொழுப்பும் குறைவு, கரைந்து குழம்புக்கு உடம்பு கொடுக்கிற சவ்வும் குறைவு. மெல்லிய சூட்டில் அது காய்ந்து போவது மட்டும்தான் மிச்சம்.

ஆகவே தேட வேண்டியது கொழுப்புக் குறைந்த, ஆனால் சவ்வு நிறைந்த துண்டை. விலங்கு நடந்து, நின்று, தலையைத் தூக்கி வேலை செய்த இடங்களில்தான் அது கிடைக்கும்: கால், தோள், கழுத்து. பெரும்பாலும் இவை விலை குறைந்தவையும் கூட.

இந்தக் கருவியே அப்படிப்பட்ட சமையலுக்காகப் பிறந்ததுதான். சிகாகோவில் இருந்த இர்விங் நாக்ஸன் இதற்கான காப்புரிமையை 1940-இல் பெற்றார். லித்துவேனியாவில் வளர்ந்த அவருடைய தாய், வெள்ளி மாலையில் யூதர்கள் அவரை விதையும் முரட்டு இறைச்சியும் போட்ட 'சோலண்ட்' பானையை பேக்கரி அடுப்பின் ஆறும் சூட்டில் வைத்துவிட்டு, ஓய்வு நாளில் எடுத்துச் சாப்பிட்டதைச் சொல்லக் கேட்டு உருவாக்கியது. 'கிராக்-பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது 1971-இல். நல்ல மிருதுவான துண்டை இதில் போடுவது துண்டுக்கும் நட்டம், சட்டிக்கும் நட்டம்.

ஆட்டிறைச்சியில் எதைக் கேட்டு வாங்குவது?

முதலில் எந்த ஆடு என்று கேளுங்கள். வெள்ளாடா, செம்மறியா என்பதிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடும். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள்ளும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேருகிறது. தசைக்குள் அவ்வளவாகப் புகுவதில்லை. கத்தி வைத்தால் கழிந்து வந்துவிடும். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, சமைத்த வெள்ளாட்டுத் தசை 100 கிராமில் கொழுப்பு 3 கிராம் அளவுதான், புரதம் 27 கிராம். செம்மறித் தோளைக் கொழுப்போடு சமைத்தால் அதே 100 கிராமில் கொழுப்பு 20 கிராமுக்குக் கிட்ட வருகிறது. சுப்பர்மார்க்கெட்டில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று முத்திரை குத்தி வருவது அநேகமாகச் செம்மறிதான். செம்மறியே வாங்குவதென்றால் முன்னங்கால் வாங்குங்கள், மேலே போர்த்தியிருக்கிற வெள்ளைத் தகட்டை முழுதாக உரித்துவிடுங்கள்.

அடுத்தது எந்தப் பாகம் என்பது. ஊரில் பங்கு போட்டு ஆடு அடித்த காலத்தில் ஒவ்வொரு பங்கிலும் தசை, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழும். தேர்ந்தெடுக்க இடமில்லை, அது நியாயமும்கூட. இங்கே இறைச்சிக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஆடு தொங்குகிறது, கைகாட்டிக் கேட்கலாம். கேட்காமல் "இரண்டு கிலோ ஆடு" என்று மட்டும் சொன்னால், விலாவும் நெஞ்சுப் பக்கமும் கலந்து பங்கு மாதிரித்தான் வரும்.

நான் கேட்பது முன்னங்காலும் தோளும், கூடவே கழுத்தில் இரண்டு வட்டம். தோளில் சவ்வு அதிகம், கொழுப்பைக் கழிப்பதும் சுலபம். கழுத்துத் துண்டில் எலும்பைச் சுற்றி இருக்கிற தசை எட்டு மணி நேரத்தில் நூல் நூலாகக் கழன்று, குழம்புக்கு நல்ல உடம்பு கொடுக்கும். பின்தொடை தவறில்லை, ஆனால் அதைத் தனித் தசையாக வெட்டினால் கொஞ்சம் உலரும். எலும்போடு பெரிய துண்டாக வெட்டச் சொல்லுங்கள். விலாவையும் நெஞ்செலும்பையும் இந்தச் சட்டிக்கு வாங்குவதை நிறுத்திவிட்டேன். அங்கே தசைக்கும் தசைக்கும் நடுவில் கொழுப்பு அடுக்கடுக்காக இருக்கும், கழிக்க வழியில்லை.

கடையில் நான் சொல்வது இவ்வளவுதான்: "அண்ணை, முன்னங்கால் ஒண்டு, கழுத்திலை ரெண்டு துண்டு. கொழுப்பைக் கழிச்சுப் போட்டு நிறுங்கோ. துண்டு பெரிசா வெட்டுங்கோ." நிறுப்பதற்கு முன்னால் கழிக்கச் சொல்வதில் சிலருக்குக் கூச்சம் இருக்கிறது. தேவையே இல்லை. நாங்கள் போகிற கடைக்காரர் இப்போது என்னைக் கண்டதுமே கத்தியைக் கொழுப்புப் பக்கம் திருப்பிவிடுகிறார்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் எதை வாங்கலாம்?

'ஷாங்க்', அதாவது கால்தசை. இதைவிடப் பொருத்தமான துண்டை நான் இன்னும் காணவில்லை. கொழுப்பு நீக்கி வேகவைத்த 100 கிராமில் கொழுப்பு 6 கிராம் சொச்சம், புரதம் 33 கிராமுக்கு மேல். வெட்டுமுகத்தில் கண்ணாடி மாதிரி ஓடுகிற சவ்வைப் பார்த்துப் பயந்து பலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். 'லோ' என்ற குறைந்த சூட்டு நிலையில் ஒன்பது மணி நேரம் வையுங்கள், அந்தச் சவ்வு பளபளவென்று கரைந்திருக்கும்.

அதற்கு அடுத்தது தோள்பட்டையில் வருகிற 'பிளேட்' (blade) துண்டு. நடுநடுவே கொழுப்புக் கட்டிகள் இருக்கும், வீட்டில் பிரித்து எடுக்கலாம். 'ஷார்ட் ரிப்' என்கிற விலாத் துண்டு எவ்வளவு ருசியானாலும் இதய நோய் உள்ளவர் வீட்டுக்கு வேண்டாம்: கொழுப்போடு சமைத்தால் 100 கிராமுக்கு 40 கிராமைத் தாண்டுகிறது. 'பிரிஸ்கட்' என்கிற நெஞ்சுத் துண்டை வாங்கினால் தட்டையான, மெல்லிய பக்கத்தைக் கேளுங்கள்.

'ஸ்டூயிங் பீஃப்' என்று வெட்டிப் பொதி செய்து வைத்திருப்பார்களே, அதில் பல பாகத்து வெட்டுத் துண்டுகள் கலந்திருக்கும். ஒன்று கரையும்போது இன்னொன்று கல்லாகவே கிடக்கும். முழுத்துண்டாக வாங்கி நீங்களே வெட்டுவது நல்லது.

கனடாவில் 'ட்ரிபிள் ஏ' என்று போட்டிருப்பது தரம் கூடியதுதானே? அதுதான் ஆரோக்கியமானதா?

அந்த எழுத்துகள் தசைக்குள் எவ்வளவு கொழுப்பு ஊடுருவியிருக்கிறது என்பதை வைத்துப் போடப்படுகின்றன. ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ, பிரைம் என்று ஏற ஏற உள்கொழுப்பும் ஏறும். அடுப்பில் ஐந்து நிமிடம் வாட்டுகிற ஸ்டேக்குக்கு அது பெரிய விஷயம். மெல்லச் சமைக்கிற கறிக்கு ஏ அல்லது டபுள் ஏ தாராளமாகப் போதும், பணமும் மிச்சம். உள்ளே ஊடுருவிய கொழுப்பை எந்தக் கத்தியாலும் கழிக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அரைத்த இறைச்சிக்கு இங்கே வேறு கணக்கு. 'எக்ஸ்ட்ரா லீன்' என்றால் கொழுப்பு 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 'லீன்' 17, 'மீடியம்' 23, 'ரெகுலர்' 30. அரைத்ததை ஸ்லோ குக்கரில் பச்சையாகக் கொட்டாதீர்கள். முதலில் தாச்சியில் வதக்கி, வடிகிற எண்ணெயை வடித்துவிட்டுப் போடுங்கள்.

கோழியில் நெஞ்சா, தொடையா?

எண்களை மட்டும் பார்த்தால் நெஞ்சுதான். தோல் நீக்கிச் சமைத்த நெஞ்சில் 100 கிராமுக்குக் கொழுப்பு 4 கிராமுக்கும் குறைவு. தோல் நீக்கிய தொடையில் 8 முதல் 11 கிராம் வரை, தோலோடு 15 கிராம் அளவு. ஆனால் எட்டு மணி நேரம் வெளியே போகிறவர் பிராய்லர் நெஞ்சைப் போட்டால் மாலையில் கிடைப்பது பஞ்சு. அதற்கு லோவில் இரண்டரை, மூன்று மணி நேரமே அதிகம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் நெஞ்சைப் போடுங்கள். வேலை நாளில் தோல் உரித்த, எலும்போடு கூடிய தொடையைப் போட்டு, நேரம் முடிந்ததும் தானாகச் சூடு காக்கும் நிலைக்கு மாறும்படி வையுங்கள். ஐந்தாறு மணி நேரம் தாங்கும். தோலை உரிப்பதுதான் இதில் பெரிய லாபம். இந்தச் சட்டியில் தோல் எப்படியும் மொறுமொறுப்பாகாது, வழுவழுவென்று கிடக்கும்.

முட்டையிட்டு ஓய்ந்த முற்றின கோழியை மறந்துவிடாதீர்கள். இங்கே கடைகளில் 'ஹார்ட் சிக்கன்' என்று எழுதியிருப்பார்கள். அடுப்பில் வைத்தால் காஸ் தீருமே தவிர வேகாது என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். ஸ்லோ குக்கருக்கு அது வரப்பிரசாதம். வயிற்றுக்குள் மஞ்சளாகக் கட்டியிருக்கிற கொழுப்பைக் கையால் இழுத்து எடுத்துவிட்டு, தோலை உரித்து, ஏழெட்டு மணி நேரம் விடுங்கள். அம்மம்மா வீட்டுக் கோழிக்கறியின் வாசனை இந்த நாட்டில் எனக்குக் கிடைத்தது அதில்தான்.

பன்றி இறைச்சி?

தோள் கொழுப்புக் கூடியது, பெரும்பகுதி தசைக்குள்ளேயே இருக்கும். முதுகுத்தசை உலர்ந்துவிடும். பின்தொடையை மேல்கொழுப்பு நீக்கிப் போடலாம். பொதியில் 'சீசன்ட்' என்று இருந்தால் உப்புநீர் ஏற்றியது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

ஈரல், குடல், ஆட்டுக்கால், நல்லி எலும்பு?

ஈரலை இதில் போடாதீர்கள். நெடுநேரம் வெந்தால் மணல் மாதிரி ஆகிவிடும். தாச்சியில் ஐந்து நிமிடம் பிரட்டுவதுதான் அதற்கு மரியாதை. வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. நல்லி எலும்புக்குள் இருக்கிற மச்சை பெரும்பாலும் கொழுப்புத்தான். ஒன்றிரண்டு போடலாம், வாளி நிறைய வேண்டாம். ஆட்டுக்காலில் கொலாஜன் நிறைய. சூப்புக்கு அருமை, ஆறவைத்துக் கொழுப்பை எடுத்துவிட்டால்.

கவுட் என்கிற மூட்டு வீக்க நோய் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் உறுப்பிறைச்சியில் அதிகம். வேகும்போது அது குழம்புக்குள்ளும் இறங்கும். துண்டைக் குறைத்துவிட்டுக் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டால் பயனில்லை.

கழித்த பிறகும் கொழுப்பு மிதக்கிறதே, என்ன செய்வது?

ஒரு நாள் முன்னதாகச் சமையுங்கள். எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய மாற்றத்தை வேறெதுவும் தரவில்லை.

கறி முடிந்ததும் ஆழம் குறைந்த பாத்திரங்களுக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். காலையில் திறந்தால் மேலே வெளிறிய செம்மஞ்சளில், மிளகாய்த்தூளின் நிறம் ஏறி, ஒரு தகடு உறைந்திருக்கும். கரண்டி விளிம்பால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மெழுகு உடைவது போலச் சில்லுச் சில்லாக வரும். அடியில் குழம்பு ஜெலியாகக் குலுங்கும். அந்த ஜெலி கொலாஜன் கரைந்து வந்தது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். மேல்தகட்டை மட்டும் எடுங்கள். முதல்முறை செம்மறித் தோளில் இதைச் செய்தபோது ஒரு தேநீர்க் கோப்பை நிறையக் கொழுப்பு வந்தது. அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் கோப்பையைக் கையில் வாங்கி, சாய்த்துப் பார்த்து, "இதையா இவ்வளவு காலமும் திண்டனான்?" என்றார். அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் சூடாக்குவதை அடுப்பில் செய்யுங்கள். ஆறின கறியை ஸ்லோ குக்கரில் வைத்தால் சூடேற நேரமாகும், கிருமிக்கு அது வசதி.

தேங்காய்ப்பால் விடலாமா?

விடலாம், அளவோடு. இதைக் கேட்காமல் இறைச்சியைப் பற்றி மட்டும் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு 400 மில்லி டின் கெட்டித் தேங்காய்ப்பாலில் 60 முதல் 80 கிராம் வரை கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பின் உச்ச அளவு 22 கிராம் அளவில் வருகிறது. ஒரு கிலோ ஆட்டைக் கவனமாகக் கழித்து வாங்கிவிட்டு முழு டின்னையும் ஊற்றினால், கழித்ததைவிடக் கூடுதலாகத் திரும்பப் போட்டிருப்போம். கால் கோப்பை போதும், அதுவும் கடைசி அரை மணி நேரத்தில். காலையிலேயே விட்டால் திரிந்துவிடும்.

பிரீசரில் இருந்து எடுத்த இறைச்சியை நேரே போடலாமா?

கூடாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த கட்டி இந்த மெல்லிய சூட்டில் அந்த இடைவெளியில் வெகுநேரம் கிடக்கும். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் சந்தேகமில்லை. கிழங்கும் கரட்டும் இறைச்சியைவிட மெல்ல வேகும், அவற்றை அடியில் போடுங்கள்.

இறைச்சியைக் குறைத்து அவரை, கடலை சேர்க்கலாமா?

நிச்சயமாக. அரைக் கிலோ இறைச்சியோடு கடலையைச் சேர்த்தால் ஒரு கிலோக் கறியின் நிறைவு கிடைக்கிறது. ஆனால் சிவப்புக் கிட்னி பீன்ஸைப் பச்சையாகப் போடவே கூடாது. அதிலிருக்கிற லெக்டின் நச்சு ஸ்லோ குக்கரின் சூட்டில் அழியாமல் போகலாம். கடும் வாந்தி, வயிற்றோட்டம் வரும். இரவு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, அடுப்பில் குறைந்தது பத்து நிமிடம், நான் செய்வதுபோல் அரை மணி நேரம், கொதிக்க வைத்த பிறகே சட்டிக்குள் போக வேண்டும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, கழுவிவிட்டுப் போடலாம்.

நல்ல துண்டாகப் பார்த்து வாங்கினால் தினமும் சாப்பிடலாமா?

வேண்டாம். ஆடு, மாடு, பன்றி மூன்றும் சிவப்பு இறைச்சிதான். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்வது, வாரத்துக்குச் சமைத்த நிறையில் 350 முதல் 500 கிராம் வரை. மூன்று வேளை அளவு. கனடாவின் 2019 உணவு வழிகாட்டியும் புரதத்தைப் பருப்பு, அவரை வகைகளிலிருந்து அடிக்கடி எடுக்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஆடு வாரம் ஒரு நாள், கோழி ஒரு நாள்.

உங்கள் அப்பாவுக்குச் செய்கிற கறியை அளவோடு சொல்லுங்கள்.

கொழுப்புக் கழித்த வெள்ளாட்டு முன்னங்காலும் கழுத்தும் சேர்த்து ஒரு கிலோ. தாச்சியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் இரண்டு வெங்காயம், ஒரு பூடு உள்ளி, இஞ்சி, வெந்தயம், கறிவேப்பிலை, ரம்பை எல்லாவற்றையும் வதக்கி, மூன்று மேசைக்கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூள் போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கிளறுங்கள். ஸ்லோ குக்கரில் மசாலா தானாக வறுபடாது, அதனால் இதை விட்டுவிடக் கூடாது. இரண்டு தக்காளி, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு கோப்பை தண்ணீர். அதற்கு மேல் தண்ணீர் வேண்டாம், இறைச்சியே விடும். லோவில் எட்டு மணி நேரம். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடச் சூடு போய்விடும். இரவு ஆறவைத்து, காலையில் தகட்டை எடுத்து, மாலையில் அடுப்பில் கொதிக்கவிட்டு, கால் கோப்பை தேங்காய்ப்பால், இறைச்சிச் சரக்குத்தூள், இறக்கிய பிறகு பாதித் தேசிக்காய்.

அப்பாவுக்குப் பிட்டோடு இரண்டு துண்டும் ஒரு கழுத்தெலும்பும் வைக்கிறேன். மூன்றாவது துண்டு கேட்டால் குழம்பைக் கொஞ்சம் கூட விடுகிறேன்.